ஓடிய மணி

திபிலீசி ரயில் நிலையச் சதுக்கத்தில், தரைக்குக் கீழே,
செருப்புக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில்
மல்ஹாஸின் கடை, ஒன்றரை ஆள் அகலம்.
எத்தனை டெராபைட் வேண்டும் என்றார்.
எனக்குத் தெரிந்த அளவு மில்லிமீட்டர்தான்.

பகலில் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
வீட்டில், பதினோரு வருஷமாக, மாதம் முதல் தேதி
படுக்கையறைச் சுவரின் விரிசல்மேல்
அளவுகோலை வைத்து ஒரு படம்.
இரண்டு மில்லிமீட்டரில் தொடங்கியது.
இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது.
நகராட்சிக்கு நான் எழுதிய கடிதங்கள்,
அவர்கள் எழுதாத பதில்களுக்கென ஒரு காலி ஃபோல்டர்,
மேல்வீட்டு நூகாவின் குளியலறை ஒழுகிய வீடியோ,
நடுவில் எப்படியோ மகனுக்கு முதல் பல் விழுந்த படம்,
எல்லாம் ஒரே டிஸ்க்கில்.
இரண்டு வாரமாக அதற்குள்ளே
யாரோ நகம் வெட்டுகிறார்கள்.

மல்ஹாஸ் பரப்பி வைத்தார்.
எஸ்.எஸ்.டி: வேகம் உண்டு, சத்தம் இல்லை.
"ஆனால் கரண்ட் காட்டாமல் அலமாரியில் போட்டு மறந்தால்
அதுவும் மெல்ல உங்களை மறந்துவிடும்."
பென் டிரைவ்: "துணியோடு சேர்த்துத் துவைக்கலாம்."
ஒரு டிவிடியின்மேல் அவருடைய தேநீர்க் கோப்பை இருந்தது.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.
புதிய நான்கு டெராபைட்டின் விலை
என் சம்பளத்தில் பாதி.

அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து,
துணியில் சுற்றிய ஒன்று. பழசு.
சொருகிக் காட்டினார்.
ஓடிய மணி: 38,412.
கெட்டுப்போன செக்டர்: பூஜ்யம்.
நான்கு வருஷம் நான்கு மாதம் கண் மூடாமல்
ஒரு கார் நிறுத்தத்தின் கேமராவுக்கு உழைத்ததாம்.
தடுப்புக் கம்பு எழும்; இறங்கும்.
ஏழு நாள் நிறைந்தால்
முதல் நாளின் மேலேயே எட்டாம் நாள்.
"வாரா வாரம் மறந்தே பழகியது.
உங்களிடம் வந்தாவது எதையாவது வைத்துக்கொள்ளட்டும்."

வியாபாரப் பேச்சு. தெரிந்தே வாங்கினேன்.
கூடவே புதிது ஒன்றும், தவணையில், வேறு கம்பெனி.
ஒரே பெட்டியில் பிறந்தவை
ஒரே வாரத்தில் சாகும் என்று அவர்தான் சொன்னார்.

ராத்திரி முழுக்கப் பிரதி எடுத்தேன்.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு,
பூனையின் வயிறு மாதிரி ஒரு நடுக்கம்.
மூன்று மணிக்குக் காரைப்பொடி கொஞ்சம்
கீபோர்டின்மேல் உதிர்ந்தது.
அப்போதுதான் உறைத்தது:
இந்தச் சுவர் விழும் என்பதற்கான சாட்சியை,
செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கோடு சேர்த்து மூன்றாக,
இந்தச் சுவரில் ஆணியடித்த பலகையிலேயே வைத்திருக்கிறேன்.
ஒரு கூரைக்கு அடியில் மூன்று பிரதி என்றால்
ஒரு பிரதி.

ருஸ்தாவிக்கு மினி பஸ்ஸில் நாற்பது நிமிடம்.
கதவைத் திறந்த பெசிக்கின் கையில்
பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு.
கையெழுத்துப் போட்டுப் பிரிந்து மூன்று வருஷம்;
மகனை வாசலில் இறக்கிவிடும் அளவுக்குத்தான் எங்கள் பேச்சு.
"காய்ந்த இழுப்பறை ஒன்று போதும். கரண்ட் வேண்டாம்."
"உள்ளே என்ன இருக்கிறது?"
"சிமென்ட் பூசிவிட்டு, ஒன்றுமில்லை என்றாயே. அது."

பையை வாங்கி, மீன் எடை பார்ப்பவன்போல் ஏந்தினான்.
சாக்ஸ் இழுப்பறையைக் கட்டிலில் கவிழ்த்தான்.
"சும்மா கிடந்தால் இறுகிவிடாதா?"
லாரி மெக்கானிக்கின் கேள்வி.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடவிட வேண்டும் என்றேன்.
"யார் ஓடவிடுவது?"
நான் கத்தியை எடுத்து
மீதி உருளைக்கிழங்குகளின் தோலைச் சீவினேன்.

கொடுத்தது பழசை.
மறந்தே பழகியதை அவனிடம் விட்டது சரியா என்று
திரும்பும் பஸ்ஸில் யோசனை வந்தது. இறங்கும்வரை போகவில்லை.

நவம்பர் ஒன்று. பதினொன்றரை மில்லிமீட்டர்.
படம் கொஞ்சம் ஆடிவிட்டது.
அழிக்கவில்லை.