ஏழாவது சட்டம்

நான்கு அலுமினியக் குச்சிகள், மூலைக்கொரு திருகு.
அரை மீட்டருக்கு அரை மீட்டர்.
இதற்குப் பெயர் சட்டம்.
ஜூன் முடிவதற்குள் அம்ப்ரோசியாவை வெட்டாத நிலக்காரருக்கு
அபராதம் போடுவதும் சட்டம்தான்.
இரண்டையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு
ஷொமோஜின் மணல் வயல்களுக்குப் போகிறவள் நான்.

இந்த ஒரு வயலுக்கு மட்டும் விலக்கு உண்டு.
அமைச்சகத்தின் முத்திரை, வேலியில் ஒரு பலகை:
"வெட்டாதீர். ஆய்வு நடக்கிறது."
எண்ணுவதற்காகவே வளரவிட்டிருக்கிறோம்.

ஏப்ரலில் மண்டியிட்டு எண்ணினேன்.
சட்டைப் பொத்தானைவிடச் சிறிய இரட்டை இலைகள்.
எண்ணியதன் பக்கத்தில் ஒரு பல்குத்தும் குச்சி,
இல்லாவிட்டால் ஒன்றையே இருமுறை எண்ணிவிடுவேன்.
ஏழாவது சட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
குச்சி தீர்ந்துபோய்க்
கடைசி முப்பதுக்குத் தீக்குச்சி.

ஜூனில் நூற்று அறுபத்துமூன்று.
யாரும் கை வைக்கவில்லை.
ஒன்றின் நிழலில் ஒன்று செத்திருந்தது.
ஜூலைக் கடைசியில் பத்தொன்பது.

"கோடு இறங்குகிறதே" என்றான் அலுவலகத்தில் ரெஜோ,
கணினித் திரையைத் தட்டி.
இறங்கவில்லை, ரெஜோ.
அந்தப் பத்தொன்பதும் என் தோளுக்கு வருகின்றன.
செத்தவற்றின் தண்ணீரையும் வெயிலையும்
சாப்பிட்டு நிற்கின்றன.
ஒவ்வொன்றிலும் விதை ஆயிரக்கணக்கில்.
தலைகளை எண்ணினால் குறைவு,
வயிறுகளை எண்ணிப் பார்.

வயலுக்குக் கிழக்கே வென்டலின் வீடு.
ஆகஸ்டு பிறந்தால் சன்னல்களில் ஈரத் துணி.
மகள் கிங்காவுக்கு ஒன்பது வயது.
மூக்கும் வாயும் மூடிய பிளாஸ்டிக் குவளைக்குள்
மருந்துப் புகையை இழுத்துக்கொண்டு
தொலைக்காட்சி பார்ப்பாள்.
அந்த யந்திரத்தின் உறுமல்
மூன்றாவது சட்டம்வரை கேட்கும்.
காற்று எந்தப் பக்கம் என்று
நான் ஒருநாளும் பதிவேட்டில் எழுதியதில்லை.
அதற்குக் கட்டம் கிடையாது.

ஆகஸ்டு பதினாலு, காலை.
ஏழாவது சட்டத்துக்குள் வெறும் மணல்.
பத்தொன்பது செடியும் வேரோடு பிடுங்கி
முள்ளங்கிக் கட்டுபோல வரிசையாக
ஓரத்தில் அடுக்கியிருந்தது.
ரப்பர் பூட்ஸின் தடம்
கிழக்கிலிருந்து வந்து கிழக்கே போயிருந்தது.

அவர் மறைக்கவில்லை.
"எல்லாவற்றையும் பிடுங்கியிருப்பேன்.
இவள் எழுந்துவிட்டாள், மூச்சு முட்டி.
ஓட வேண்டியதாயிற்று."
கையெல்லாம் பச்சைக் கறை.
எட்டு ஆண்டுத் தரவு என்று சொல்ல வாயெடுத்தேன்.
உள்ளே யந்திரம் உறுமத் தொடங்கியது.

படிவத்தில் "இடையூறு" என்றொரு பத்தி:
மான், ஆலங்கட்டி, டிராக்டர், பிற.
பிற என்பதில் குறியிட்டேன்.
அதற்கு நேரே விவரம் எழுத ஒரு கோடு உண்டு.
அதைக் காலியாக விட்டேன்.

பனி வந்தது, செடிகள் கருகின,
விதைகள் வேண்டிய குளிரைத் தின்றன.

இந்த ஏப்ரலில் மற்ற ஒன்பது சட்டங்களிலும்
முந்நூறு, முந்நூற்றைம்பது.
ஏழாவதில் அறுநூற்று எழுபத்தொன்று.
இரண்டு முறை எண்ணினேன்.
வேரோடு பிடுங்கினால் மண் புரளும்,
புரண்டால் ஆழத்தில் தூங்கியது வெளிச்சம் பார்க்கும்.
கூட்டுறவுப் பண்ணை இங்கே சூரியகாந்தி போட்ட காலத்தில்
விழுந்த விதைகளாகக்கூட இருக்கலாம்.
அன்று டிராக்டர் ஓட்டியவர்கள்
தேவாலயத்துக்குப் பின்னால் படுத்துவிட்டார்கள்.

வென்டல் வரப்பில் வந்து நின்றார்.
"என் சட்டம் எப்படி?"

"இன்னும் எண்ணி முடிக்கவில்லை" என்றேன்.
அது பொய்யும் இல்லை.

கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு
எட்டாவதன் முன்னால் மண்டியிட்டார்.
"குச்சி கொடு."
அந்தத் தடித்த விரல்கள்
ஒரு முளையையும் ஒடிக்காமல் நகர்ந்தன.
உதடு அசைய அசைய எண்ணினார்.
இருநூற்றுச் சொச்சத்தில்
வீட்டுப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுத் தலை நிமிர்ந்தார்.
கதவுதான்.
எண்ணிக்கை தப்பிவிட்டது.
குச்சிகளையெல்லாம் பிடுங்கி
மறுபடி ஒன்று என்றார்.