அங்கவடி

படகு கரை சேர்ந்தால் மத்தோசின்யோஷில்
ஆலைச் சங்கு ஊதும்.
இரவு இரண்டு மணியானாலும்
பெண்கள் எழுந்து மத்தி அரியப் போக வேண்டும்.
அம்மாவுக்குச் சங்கு கேட்காது.
பக்கத்து வீட்டு ஜெர்ட்ரூடிஷ்
துடைப்பக் கட்டையால் சுவரை இடிப்பாள்.
அந்த இடி கட்டில் சட்டத்தில் ஏறி
அம்மாவின் மண்டைக்குள் இறங்கும்.

அண்ணன் பிறந்தபோது பாதி போயிற்று.
நான் பிறந்தபோது மீதி.
யாரும் இதை என்மேல் குற்றமாகச் சொன்னதில்லை,
கூடை எண்ணுவதுபோல்
கணக்காகத்தான் சொன்னார்கள்.

ஆலைக்குள் மட்டும் அவள் செவிடில்லை.
மூடி அடைக்கும் எந்திரம் அலற,
நீராவி சீற,
மற்றவர்கள் கைஜாடையில் பேசிக்கொள்ள,
மேற்பார்வையாளர் கத்தும் வசவுக்கு
முதலில் திரும்புகிறவள் அவள்தான்.
தெருவின் அமைதிக்கு வந்ததும்
உள்ளே ஏதோ கதவு சாத்திக்கொள்ளும்.

ஞாயிறு மாலை
வானொலிப் பெட்டியின் மர விளிம்பில்
முன்பற்களைப் பதித்து
கண்மூடி உட்கார்ந்திருப்பாள்.
எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிடுவார் அப்பா.
வார்னிஷ் வெளுத்து
அங்கே ஒரு பிறை இருந்தது.
தூசி துடைக்கும்போது
நான் அதை மட்டும் விட்டுவிடுவேன்.

போர்த்தோவில் டாக்டர் அப்ரான்ஷிஷ்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
செவிப்பறையைத் தொட்டு ஒரு சுத்தி,
அடுத்து ஒரு பட்டடை,
கடைசியில் ஓர் அங்கவடி.
பிறக்கும்போதே முழு அளவில் பிறப்பவை, பிறகு வளராதவை.
இந்தக் கடைசி எலும்புதான்
அசைந்து அசைந்து
உள்ளே இருக்கும் நீரைத் தட்ட வேண்டும்.
உங்களுடையது துருப்பிடித்த கீல்போல
சன்னலோடு ஒட்டிவிட்டது.

முதல் இரண்டும் ஒரு காலத்தில்
தாடை எலும்புகள் என்றும் சொன்னார்.
பல்லிக்கு இன்றும் அங்கேதானாம்.
அதை நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.
"அப்படியானால்
வானொலியை நான் கடித்ததில் தப்பில்லை"
என்றாள் அம்மா, அவளுடைய மெல்லிய குரலில்.

மயக்க மருந்து தரவில்லை, மரத்துப்போக மட்டும் ஊசி.
ஒட்டியதைப் பெயர்த்தெடுத்து
பதிலுக்கு ஒரு கம்பியை மாட்டியபோது
அவள் முதலில் கேட்டது
"கேட்கிறதா" என்ற கேள்வியை அல்ல.
யாருடைய செருப்போ கிறீச்சிட்டது.
அது யார் என்று கேட்டாளாம்.
யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எலும்பைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.
இரண்டு காலும் ஒரு வளைவும்;
அரிசியில் பாதிகூட இல்லை.
குதிரை எங்கே என்றார் அப்பா.
அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.
மத்தியின் தலைக்குள்ளும் செவிக்கல் உண்டு,
இருபது வருடமாகத் தலை தலையாகக் கிள்ளி
சாக்கடையில் தள்ளியிருக்கிறாள்.
அன்று அதைப் பற்றி அவள் பேசவில்லை,
புட்டியை உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.

நாக்கில் பாதி ஒரு மாதம் தகரமாய் ருசித்தது.
"மீனை விட்டுவிட்டு
டப்பாவைத் தின்பதுபோல் இருக்கிறது" என்றாள்.
இதை உரக்கச் சொன்னாள்.
எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.
இத்தனை வருடம் அவள் குரல்
அவள் மண்டைக்குள்ளேயே முழங்கிக்கொண்டிருந்ததால்
வெளியே கொஞ்சம்தான் விட்டிருக்கிறாள்.
அந்தக் கொஞ்சத்தைத்தான் அப்பா
சாந்தம் என்று நம்பியிருந்தார்.

எனக்கு வேறு கவலை.
பாத்திரம் கழுவும் அவள் முதுகிடம்
நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்:
திருடிய இரண்டு எஸ்குடோ,
படகுத் தளத்தில் செஃபெரீனோ,
பிறக்காமலே இருந்திருக்கலாம் என்பது.
இப்போது முதுகு திரும்பியது.
கை ஈரத்தோடு "சொல்" என்றாள்.
எனக்குப் பதின்மூன்று வயது.
சொல்ல ஒன்றுமில்லை என்றேன்.
அது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது எனக்கு நாற்பத்தொன்று, ஒரு மகன்.
வரவர மெல்லப் பேசுகிறேன் என்கிறான்.
காலையில் ரொட்டியைக் கடித்தால்
தலைக்குள் யாரோ சரளையில் நடக்கிறார்கள்.
வியாழன்தோறும் மீன் சந்தைக்குப் போகிறேன்.
ஏலக்காரர்கள் அலறுகிறார்கள்,
ஐஸ் உடைக்கிறார்கள், வண்டி கத்துகிறது.
அங்கே எனக்கு
எல்லாம் நன்றாகக் கேட்கிறது.