பொறி பார்த்தல்

முசாஃபா. மண்காற்று மூன்று நாள் அடித்ததில்
உருட்டுக் கம்பிகளின் நுனிப் பெயின்ட் போய்விட்டது.
எது எந்த ரகம் என்று
காகிதத்துக்குத் தெரியும். கம்பிக்குத் தெரியாது.

யார்டு விளக்கை அணைக்கச் சொன்னேன்.
ஸர்வாலி கிரைண்டரை வைத்தான்.

முதல் கம்பி: நீளமாய், நேராய்
வைக்கோல் நிறக் கோடுகள்,
நுனியில் ஒன்றிரண்டு கிளை.
கரி குறைவு. சொன்னபடி வளையும்,
வெல்டிங்குக்கு முரண்டு பிடிக்காது.

இரண்டாவது கொஞ்சம் கூடுதலாய்க் கிளைத்தது.
‘பம்புத் தண்டு’ என்று சாக்பீஸில் எழுதினேன்.

மூன்றாவது
சக்கரத்தை விட்டு நகரும் முன்பே
கொத்துக் கொத்தாய் வெடித்தது.
ஸர்வாலி சிரித்தான்.
ஃபோர்மேன் பெனடிக்ட் குனிந்து தட்டிப் பார்த்தார்:
“இதுதான் கெட்டி. தூக்கு வளையத்துக்கு இதையே வெட்டு.”

கெட்டிதான் சார்.
பற்றவைத்த இடம் ராத்திரி ஆறும்போது
ஓரத்தில் மயிரிழை விடும், சத்தமில்லாமல்.
காலையில் அதில் ஆறு டன் தொங்கும்.
கீழே ஆள் நிற்கும்.

அவர் பேசவில்லை. பிறகு,
“அப்போ இது எதுக்குத்தான்?”

உளிக்கு. சுருள்வில்லுக்கு.
மெஸ்ஸில் மீரான் ஹமூர் வெட்ட
கத்தி கேட்டு ஆறு மாசம் ஆகிறது.

முதல் கம்பியில் வளையம் வளைத்தோம்.
விடிகிற நேரம் வந்து பார்த்தேன்:
தேய்த்த மூன்று இடத்திலும்
ஒரே மஞ்சள் துரு.
உப்புக்காற்று சான்றிதழ் கேட்பதில்லை.

ஸ்டோரில் பச்சைப் பெயின்ட் மட்டும்தான் இருந்தது.
ஒரு கோடு, இரண்டு கோடு,
மூன்று கோடு போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.