இப்போதைக்கு

விண்ணப்பத்தின் கடைசி வரியில்
மொழிகள்: கொரியம் என்று எழுதியிருந்தேன்.
வால்தெர் ஊர்சுவா அந்த வரிக்கு வருமுன்
தாளை மடித்துவிட்டார்.
சி தெரியுமா, பைத்தான் தெரியுமா,
இரவு வேலைக்குச் சம்மதமா, அவ்வளவுதான்.

சாந்தியாகோவில், பத்ரோனாத்தோ கடைத்தெருவில்
நான்கு வருடம் துணிக்கடைக் கணக்கு பார்த்தவள் நான்.
முதலாளியம்மா மோக்
ஜிப்பின் நீளம் சொல்வது, பாக்கி கேட்பது,
கணவரைத் திட்டுவது எல்லாமே கொரியத்தில்தான்.
வாடிக்கையாளருக்கு ஒரு வினைமுற்று,
தையல்காரருக்கு வேறு,
கணவருக்கு எதுவும் மிச்சமில்லாத ஒன்று.
இலக்கணம் எனக்கு அப்படித்தான் வந்தது,
யார் முன் யார் எவ்வளவு குனிகிறார் என்று பார்த்து.

டிசம்பரில், சான் அந்தோனியோ துறைமுகத்தில்
ஏழாம் எண் பளுதூக்கி
நடுவானில் பெட்டியைப் பிடித்தபடி நின்றது.
பதினோரு நொடி.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இறக்கியது.
மறுநாள் இரவும். அதற்கடுத்த இரவு இரண்டு முறை.
மேலே கண்ணாடிக் கூண்டிலிருந்து நபோர்,
"என் காலுக்குக் கீழே முப்பது டன் செர்ரி
யோசித்துக்கொண்டு நிற்கிறது" என்றான்.
காற்றைக் குறைசொன்னார்கள். கேபிளைக் குறைசொன்னார்கள்.
நபோரைக் குழாயில் ஊதச் சொன்னார்கள்.

நிரல் சாங்வொனில் எழுதியது, பதினான்கு வருடப் பழசு.
குறிப்புகள் முழுக்கக் கொரியம்.
வால்தெர் அதை மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு
ஸ்பானியத்தில் அனுப்பினார்.
பிழையில்லை.
ஆனால் ஆறாயிரம் வரியும் ஒரே குரலில் பேசின,
விமான நிலைய அறிவிப்புப் பெண்ணைப்போல.

இரவு இரண்டுக்கு மூலத்தைத் திறந்தேன்.

"இங்கு வேகம் கணக்கிடப்படுகிறது.
அன்புகூர்ந்து மதிப்பை மாற்றாதீர்கள்."
கழுத்துப் பொத்தான் வரை போட்ட வாக்கியங்கள்.
ஆயிரம் வரி, மூவாயிரம் வரி, அதே பணிவு.
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில்
பொத்தான் அவிழ்ந்திருந்தது:

"காத்துமானி பொய் சொல்லுது.
ஏன்னு தெரியல.
இப்போதைக்குப் பதினோரு நொடி நிறுத்து."

நீங்கள் போய் நீ வந்த இடம்.
நீயும் போய்
ஒருவன் சுவரிடம் பேசிய இடம்.
இயந்திரம் இதையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்திருந்தது:
தற்காலிகமாகப் பதினொரு விநாடிகள் நிறுத்தப்படும்.
கேட்டால் யாரோ தீர்மானித்ததுபோல் இருக்கிறது.
யாரும் தீர்மானிக்கவில்லை.
ஒருவனுக்குத் தூக்கம் வந்தது.

அடுத்த குறிப்பில் முற்று மறுபடி குனிந்துகொள்கிறது.
விடிந்திருக்கும்,
யாராவது அறைக்குள் வந்திருப்பார்கள்.

மூன்று வரி தள்ளி
எண்ணி நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும் இடம்;
அங்கே யாரும் பார்த்திருக்கவில்லை.
நவம்பரில் புது மானி பொருத்தினார்கள், அது வேகமாக எண்ணுகிறது.
திருத்த ஒன்பது நிமிடம்.

குறிப்பு எழுதத்தான் நேரமானது.
எந்த முற்றில்?
பார்த்திராத மனிதர், மூத்தவராக இருக்கலாம்.
எனக்கும் இப்போது மணி நாலு.
பணிவில் தொடங்கி அழித்தேன்.
தோழமையில் தொடங்கி அழித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏழாம் எண்
நிற்காமல் ஒரு பெட்டியை இறக்கியது.
கடைசியில் வினையே இல்லாமல் எழுதினேன்:
"பொய் எண்ணியுடையது. மானி நிரபராதி."

வால்தெரின் அறிக்கையில் அது மென்பொருள் புதுப்பிப்பு.
ரயேன் என்ற என் பெயரை ராகேல் என்று போட்டிருந்தார்.

சாங்வொனுக்கு மடல் எழுதினேன்,
மோக் அம்மா வங்கி மேலாளரிடம் பேசும் முற்றில்.
பதில் அதைவிடக் குனிந்து வந்தது:
பொறியாளர் தாக் விலகிப் பல வருடமாகிறது,
கோழி வறுவல் கடை வைத்திருப்பதாகக் கேள்வி,
சிரமத்துக்குப் பெரிதும் வருந்துகிறோம்.

கடையின் பெயர் கேட்டிருக்கிறேன்.
இன்னும் பதிலில்லை.