கறுத்த கண்

ஏப்ரல் கடைசியில் எட்டு நாள் வெயில்.
ஸோஸ்ட் நகரமே கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துத் திரிந்தது.
பச்சைக்கல் தேவாலயச் சுவரில் சாய்ந்து
ஐஸ்கிரீம் நக்குகிறவர்களைப் பார்த்துவிட்டு
யோகன் சொன்னான், இனிக் குளிர் வராது.

ஜன்னலோரத்திலிருந்து எல்லாவற்றையும் இறக்கினோம்.
தக்காளி ஆறு, கத்தரி இரண்டு, மிளகாய் நாலு.
ஸ்ட்ராபெரி முன்பே மண்ணில் இருந்தது,
மாரி முழுக்கப் பனிக்கடியில் தட்டையாய்க் கிடந்து
இப்போதுதான் பூத்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்கே கெம்பர்,
பேருந்து ஓட்டுகிறவள், என் வயதுதான்,
ஒரு தொட்டியையும் வெளியே எடுக்கவில்லை.
"சோஃபி வந்து போகட்டும்" என்றாள்.
சோஃபி யார் என்று நான் கேட்கவில்லை.
மருமகளாக்கும் என்று நினைத்தேன்.
வந்தால் தோட்டத்தில் இடம் வேண்டுமாக்கும்.

மே ஏழு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு
விடியுமுன் புறப்படுகையில்
காலடியில் புல் நொறுங்கியது.
தக்காளி வெந்த கீரையாய்த் தொங்கியது.
மிளகாயைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஸ்ட்ராபெரிப் பூக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.
வெள்ளை இதழ் ஐந்தும் அப்படியே.
நடுவில் மட்டும் மஞ்சள் போய்க் கறுப்பு,
மை எழுதிய கண்.
படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன்.
அவள் மூன்று இதயம் அனுப்பினாள்.

மாலையில் ஆன்கே எட்டிப் பார்த்து
ஒரு விரலால் பூவை நிமிர்த்தினாள்.
"இது காய்க்காது.
இதழுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான்."

சோஃபி ஒரு புனிதை. அவள் நாள் மே பதினைந்து.
அவளுக்கு முன்னால் நாலு ஆண் புனிதர்கள்
வரிசையாய் வருவார்களாம்,
ஆளுக்கொரு இரவுக் குளிரோடு.
அட்டமி நவமி பார்க்காமல் கடைக்கும் போகாதவள் நான்.
சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தில்
இந்த ஐந்து பேரும் இல்லை.

பதின்மூன்றாம் தேதி, இரவு பதினொன்று, ஒரு டிகிரி.
மீதி மொட்டுகளைப் போர்த்த என்ன இருந்தது என்னிடம்?
கட்டில் விரிப்பு மூன்று.
குளியலறைத் திரை.
போதாமல், யோகனின் பட்டுக்கரை வேட்டி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நுனிகளுக்குக் கல் வைத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு வெளிச்சம்.
இரவுடைக்கு மேல் கோட், காலில் ரப்பர் பூட்ஸ்,
மணியும் மானும் அச்சடித்த
கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பை
இரண்டு கையாலும் உதறிக்கொண்டிருந்தாள் அவள்.

ஏழு வருட அயலில்
அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.
"தூங்கிவிட்டார்களா?" என்றாள்.
தாலாட்டுத்தான் பாக்கி என்று சொல்ல நினைத்தேன்.
தாலாட்டுக்கு ஜெர்மன் சொல் வரவில்லை.
மூக்கால் முனகிக் காட்டினேன்.

காலையில் விரிப்பெல்லாம் கொடியில்.
வேட்டிக்கரையில் மண்.
யோகன் இரண்டு நாள் பேசவில்லை.

பழம் மண்ணைத் தொட்டால் அழுகும் என்று
முயலுக்கு விற்கிற வைக்கோல் ஒரு பை வாங்கினேன்.
காசாளப் பெண் முயலின் பெயர் கேட்டாள்.
சோஃபி, என்றேன்.

ஜூனில் பதினேழு பழம்.
நத்தைக்கு ஐந்து, கருங்குருவிக்கு நாலு.
நிறம் வருமுன்னே ஒன்றைப் பிடுங்கித் தின்று
புளிக்குது என்றான் யோகன்.
மீதி ஏழை நான் எண்ணியெண்ணித் தின்றேன்,
ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

ஜூலையில் பார்த்தால்,
துணி காயாத கொடி ஒன்று
வேலிக்கு அடியால் நழுவிப் போய்
அவள் பக்கத்தில் மூன்று இலை விட்டிருந்தது.
இழுத்துவிடலாமா என்று குனிந்தேன்.
அந்தப் பக்கம் அவளும் குனிந்தாள்.
"கொண்டையூசி இருக்கிறதா?"

உருவிக் கம்பியிடுக்கால் நீட்டினேன்.
கணுவை மண்ணோடு சேர்த்துக் குத்தினாள்.
"வேர் பிடித்ததும் வெட்டிவிடலாம்."
"அவசரமில்லை."

அன்று வேலை முடியும்வரை
என் கொண்டை ஒரு பக்கம் சரிந்தே இருந்தது.