அரைப்பேர்

இருநூறு சொல்லுக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
மறைந்த உறுப்பினர் பதிவேட்டில்
ஆ. இராக்கப்பன், கிரிமெட்டியத் தொகுதி,
நாற்பத்தேழு முதல் ஐம்பத்திரண்டு.
அதற்குக் கீழே வெறும் பக்கம்.
இறந்த தேதிகூட இல்லை.
அதைத் தேடித்தான் பொகவந்தலாவ பஸ்ஸில்
ஒரு கோழிக்கூடைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே நான்.

பிறந்தது மேக்கணக்கு, எட்டாம் நம்பர் லயம்.
தகப்பன் தொழில் என்ற கட்டத்தில்
கான் வெட்டு என்று எழுதினேன்.
மேலதிகாரி அதை விவசாயம் என்று திருத்துவார், தெரியும்.
படிப்பு அஞ்சாம் வகுப்பு;
அதற்குப் பிறகு
துரை பங்களாவின் குப்பைக்கூடையில் கிடைத்த செய்தித்தாள்.
கடைவீதியில் மனு எழுதினார்,
ஒரு மனு ரெண்டு சதம்,
பிரசவத்துக்கு லீவு கேட்டால் காசில்லை.

தேர்தலில் அவருக்குக் குடைச் சின்னம்.
ஆவணி மழை.
கம்பளியும் சாக்கும் தலையில் போட்டு
மலையிறங்கி வந்தார்கள்,
வீட்டில் ஒரு குடை இல்லாதவர்கள்
வரிசையாய் நின்று
குடைக்குப் புள்ளடி போட்டார்கள்.

சபையில் அவர் கேட்ட கேள்விகள் பதினொன்று.
பத்து, ஓயாவின் மேல் ஒரு பாலம் பற்றி.
பத்துக்கும் பதில் ஒன்றே:
கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.
பதினோராவது:
பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவர்
இன்னும் பிறக்கவில்லை என்று கொள்ளலாமா,
கௌரவ அமைச்சர் கூறுவாரா?
அதற்குப் பதிலாக
அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் அச்சாகியிருக்கிறது.
சிரிப்பு.

பிறகு பேர் வெட்டு.

மலையில் பெரட்டுக்குப் பிந்தினால்
கணக்கப்பிள்ளை பேர் வெட்டுவார்,
அன்றைய கூலி போகும், அவ்வளவுதான்,
மறுநாள் விடியும்.
கொழும்பில் வெட்டியதற்கு மறுநாள் இல்லை.
மழையில் வந்த புள்ளடிகள் எல்லாம் போயின,
நாற்காலி மட்டும் மிஞ்சியது.
அதில் அவர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார்,
ஒரு வாக்காளர்கூட இல்லாத உறுப்பினர்.
ரயில் பாஸ், முதல் வகுப்பு,
டிக்கட் பரிசோதகரின் சல்யூட்,
ஹட்டனில் இறங்கினால் எதிர்ப்படும் முகங்களில்
முக்கால்வாசி
சட்டப்படி எந்த நாட்டிலும் இல்லை.
ஐம்பத்திரண்டில் அவருடைய விண்ணப்பமும் திரும்பி வந்தது.
தகப்பன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி போதாதாம்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
தோல்வியடைந்தார் என்று உண்டு.
ஓய்வுபெற்றார் உண்டு.
பதவி விலகினார் என்பதற்குப் பக்கத்தில்
நான் பேனாவை வெகுநேரம் வைத்திருந்தேன்,
மை ஊறிப் புள்ளியாயிற்று.

கடைசிக் காலம் டயருக்கு ஒட்டுப்போட்டாராம்.
மகன் மனைவி பவளக்கொடி
கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தாள்,
விரல் நுனியெல்லாம் கறுப்பு.
பிஸ்கட் டின்னில் அந்த ரயில் பாஸ் இருந்தது,
நாலு மூலையும் எலி தின்று.
தேதி கேட்டேன்.
மாசி மாசம், சம்பளத்துக்கு மறுநாள்.
வருஷம்?
பாணுக்கு வரிசையில நின்ன வருஷம்.
பொணத்தைத் தூக்க ஆளில்லை,
பாதிப்பேர் கப்பலுக்குப் போயிட்டாங்க,
மிச்சப்பேர் பாண் வரிசையில.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.
எழுத்துத் தெரியாது, நீளம் தெரியும்.
இவ்வளவுதானா என்றாள்.
மாமாவுக்கு அரைப்பேர் போட்டுறாதீங்க தம்பி.

திரும்பும் பஸ்ஸில் எண்ணினேன்.
இருநூற்று மூன்று.
மூன்று சொல்லை வெட்ட வேண்டும்.
பஸ் பாலத்தில் ஏறியது,
முகப்பில் பித்தளைத் தகடு,
வேறு யாரோ ஒருவருடைய பேர்
மழையில் நன்றாகத் துலங்கியது.
அக்கரை சேரும்வரை
நான் பேனா மூடியைக் கழற்றவில்லை.