பெருக்கல் குறி

மண் இல்லை, சட்டி இல்லை.
ஒரு தக்கைப் பட்டை, கொஞ்சம் மீன்பிடி நரம்பு,
என் பழைய காலுறையில் வெட்டிய நாடா இரண்டு.
கட்டித் தொங்கவிட்டதைக் குளியலறையில் கண்டு
குகநேசன் கேட்டான்:
"இது என்ன குற்றம் செய்தது?"

பெயர்ச்சீட்டில் பென்சில் எழுத்து.
தாய் பெயர், தகப்பன் பெயர்.
அவர்களும் கலப்பு, அவர்களைப் பெற்றவர்களும்.
இரண்டு வருடக் குளிப்பில் எல்லாம் கரைந்து
நடுவிலிருந்த பெருக்கல் குறி மட்டும் மிச்சம்.
எதை எதனால் பெருக்கினார்களோ.

காலை ஐந்தரை. பீல் நகரம் மூடுபனிக்குள்.
ஏரி எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று
பேருந்துச் சாரதிக்கு மட்டும் தெரியும்.
வாளியில் பட்டையை அமிழ்த்தி
நூற்றிருபது வரை எண்ணுவேன்.
வெள்ளிச் சாம்பலாய்க் கிடந்த வேர்
எண்பதில் பச்சையாகும்.
இதைப் பார்க்கத்தான் எழும்புகிறேன்.
வேலைக்கு என்றால் இன்னும் பத்து நிமிடம் படுக்கலாம்.

சட்டியில் இருப்பது ஒரு கிழமை பொறுக்கும்.
இது பொறுக்காது.
வெயில் நாளில் ஒரு குளிப்பைத் தவறவிட்டால்
தண்டெல்லாம் சுருங்கி
சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பும்.

கீழ்வீட்டு மேடம் ஜக்கார் கடிதம் போட்டாள்.
முதலாவது: இரவில் சொட்டுச் சத்தம்.
இரண்டாவது: என் கூரையில் ஈரம்.
மன்னிப்புக் கேட்கப் போனபோது
பட்டையையும் கையோடு கொண்டுபோனேன்.
மூன்றாவது கடிதத்தில் ஒரே வரி:
பூத்துவிட்டதா?

செப்டம்பரில் மடல் வந்தது.
தொலைபேசி வெளிச்சத்தை அதன் முதுகில் பிடித்தால்
உள்ளே நெல்மணி அளவில் இரண்டு நிழல்.
அதே கிழமை வீடு மாறும் திகதியும் வந்தது.

கழற்றப் போனால் வரவில்லை.
ஒரு வேர் தக்கையை விட்டிறங்கி
சுவர் ஓடுகளின் இடைக்கோட்டில்
நாலு விரற்கடை ஓடி, ஒட்டி, படுத்திருந்தது.

வேர் என்றதும் நீங்கள்
ஊர், காணி, அகதி என்று தொடங்குவீர்கள்.
வேண்டாம்.
ஈரம் இருந்த பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பல்லிடுக்கு நூலை அடியில் நுழைத்து
மூச்சை அடக்கி, இழுத்து இழுத்து அறுத்தேன்.
தோல் சுவரோடு நின்றுவிட்டது.
உள்ளிருந்த கம்பி நரம்பு மட்டும்
என்னோடு வந்தது.

வீட்டை ஒப்புக்கொள்ள வந்த திரு எக்கிமான்
அடுப்பின் அடியைத் தடவினார், குழாயைத் திறந்தார்,
யன்னல் விளிம்பில் விரலை ஓட்டினார், பிறகு
அந்த வெண்கோட்டை நகத்தால் சுரண்டினார்.
"இது?"
"பூ" என்றேன்.
படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லை.
குளியலறை, ஓடு, கறை, எட்டு சென்ரிமீற்றர்.
எண்பது பிராங்.
கையெழுத்துப் போட்டேன்.

நீடாவில் புதுக் குளியலறைக்கு யன்னல் இல்லை.
ஆகவே குசினியில் தொங்குகிறது.
வண்டியில் வந்த குளிரில் ஒரு மொட்டு மஞ்சளித்து விழுந்தது.
மற்றது நவம்பர் ஒன்பதாம் திகதி
வெடிப்பதற்கு ஒரு முழுப் பகல் எடுத்தது.
கத்தரிப்பூ நிறம்; தொண்டைக்குள்
யாரோ மஞ்சளைக் கிள்ளி எறிந்ததுபோல்.
மணம் காலையில் மட்டும்.
மத்தியானம் மீன் பொரித்தால் எந்தப் பூதான் நிற்கும்.

"எண்பது பிராங்குக்கு ஒரு பூ" என்றான் குகநேசன்,
கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு.

மேடம் ஜக்கார் பேருந்தில் வந்தாள்.
நெடுநேரம் நின்று பார்த்தாள்.
பெயர் என்ன என்று கேட்டாள்.
சீட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
கண்ணாடியைப் போட்டு, வெளிச்சத்துக்குத் திருப்பி,
இருந்த ஒன்றை வாசித்தாள்:
"தடவை."
பிரெஞ்சில் அந்தக் குறிக்கு அதுதான் சொல்.
பிறகு கேட்டாள், இது முதல் தடவையா என்று.

ஓம் என்றேன்.
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.